பிரசிலியா

பிரசிலியா பிரேசில் நாட்டின் தலைநகரமாகும். இது நாட்டின் நடுமேற்குப் பகுதியில், பெரும்பாலும் கோயாஸ் மாநிலத்தால் சூழப்பட்ட கூட்டாட்சி மாவட்டத்தினுள், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் கூடுதலான உயரமுள்ள மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. மக்கள் வாழ்ந்து காலப்போக்கில் வளர்ந்த ஊர் அல்ல இது. தலைநகரமாக இருப்பதற்கென்றே வரைபடத்தில் திட்டமிடப்பட்டு, ஏறத்தாழ வெற்றுநிலமாக இருந்த இடத்தில் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் கட்டப்பட்டது. 1960 ஏப்ரல் 21 ஆம் நாள் இது முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நகர அமைப்பைத் திட்டமிட்டவர் லூசியோ கோஸ்ட்டா. முக்கிய கட்டிடங்களை வடிவமைத்தவர் ஆஸ்கார் நீமேயர். 1987 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது.

2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கூட்டாட்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,17,381 ஆகும். சாவோ பாவுலோ, ரியோ டி ஜெனீரோ ஆகியவற்றுக்கு அடுத்ததாக இது பிரேசிலின் மூன்றாவது பெரிய நகரமாகும். எனினும் கோஸ்ட்டா வரைந்த திட்டப் பகுதிக்குள் வாழ்வோர் இத்தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவினரே. ஏனையோர் அத்திட்டத்தில் இடம்பெறாத, அதைச் சூழ்ந்து எழுந்த நகரங்களில் வாழ்கின்றனர். பிரசிலியாவைப் புரிந்துகொள்வதற்கு இவ்விரு நகரங்களையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பெயர்

விடுதலை பெற்ற பிரேசிலின் முதன்மை அரசியல்வாதிகளுள் ஒருவரான ஜோசே போனிஃபாசியோ, 1823 ஆம் ஆண்டில், நாட்டின் உட்பகுதியில் புதிய தலைநகரம் ஒன்று அமைய வேண்டும் என அரசியலமைப்புப் பேரவைக்கு முன்மொழிந்தார். அந்நகருக்கு அவர் பரிந்துரைத்த பெயர்களுள் ஒன்று பிரசிலியா. பிரேசில் என்னும் நாட்டுப் பெயரின் இலத்தீன் வடிவமே இது. நகரம் உருவாவதற்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே அதன் பெயர் உருவாகிவிட்டது எனலாம்.

வரலாறு

தலைநகர மாற்றக் கருத்து

போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்தில் 1763 வரை சால்வடோர் நகரும், அதன் பின்னர் 1960 வரை ரியோ டி ஜெனீரோவும் தலைநகரங்களாக விளங்கின. இரண்டுமே அத்திலாந்திக் கடற்கரை நகரங்கள். மக்களும் தொழில்களும் கரையோரத்திலேயே குவிந்திருக்க, பரந்த உள்நாடு ஆளரவம் குறைந்து கிடந்தது. தலைநகரை உள்நாட்டுக்கு மாற்றினால் சாலைகளும் குடியேற்றமும் அதைப் பின்தொடரும் என்பது இக்கருத்தை ஆதரித்தோரின் வாதமாகும். கடல்வழித் தாக்குதலிலிருந்து தலைநகருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்பது மற்றொரு காரணமாகக் கூறப்பட்டது.

1891 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, நடு மேட்டுநிலத்தில் 14,400 சதுர கிலோமீட்டர் நிலத்தை வருங்காலத் தலைநகருக்காக ஒதுக்கியது. அடுத்த ஆண்டில் வானியலாளர் லூயிஸ் குருல்ஸ் தலைமையில் சென்ற ஆய்வுக்குழு அந்நிலத்தை அளந்து எல்லையிட்டது. 1922 இல் பிளனால்டினா என்னும் ஊருக்கு அருகே அடிக்கல் ஒன்றும் நாட்டப்பட்டது. ஆயினும் அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமானம் எதுவும் தொடங்கவில்லை.

குபிச்செக்கின் முடிவு

1955 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் வேட்பாளரான ஜூசெலினோ குபிச்செக் கோயாஸ் மாநிலத்தின் ஜதாயி ஊரில் தம் பரப்புரையைத் தொடங்கினார். அக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அரசியலமைப்பை முழுமையாக நிறைவேற்றுவதாகக் கூறும் நீங்கள் தலைநகரையும் மாற்றுவீர்களா எனக் கேட்டார். மாற்றுவேன் என்று குபிச்செக் விடையளித்தார். தேர்தலில் வென்று 1956 சனவரியில் பதவியேற்ற அவர், ஐந்து ஆண்டுகளில் ஐம்பது ஆண்டு வளர்ச்சி என்ற தம் திட்டத்தின் நடுநாயகமாகப் புதிய தலைநகரை வைத்தார். பிரேசிலில் அப்போது ஒருவர் அடுத்தடுத்து இருமுறை குடியரசுத் தலைவராக இருக்க இயலாது. எனவே தம் ஐந்தாண்டுப் பதவிக் காலத்துக்குள்ளேயே நகரைத் திறந்துவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பாதியில் விட்டால் அடுத்து வருபவர் பணியைக் கைவிட்டுவிடக் கூடும் என்பதே இதன் காரணம்.

1956 செப்டம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் நோவாகாப் என்னும் அரசுக் கட்டுமான நிறுவனம் உருவாக்கப்பட்டது. இஸ்ரயேல் பின்யேய்ரோ அதன் தலைவராக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் தங்குவதற்கென மரத்தாலான இல்லம் ஒன்று பத்தே நாட்களில் எழுப்பப்பட்டது. கதெச்சீன்யோ எனப்படும் அவ்வில்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

வடிவமைப்புப் போட்டி

நகரத் திட்டத்துக்காக நடத்தப்பட்ட போட்டியில் 26 திட்டங்கள் வந்தன. பிரித்தானியரான வில்லியம் ஹோல்ஃபர்ட் உள்ளிட்ட வெளிநாட்டு வல்லுநர்களும் இடம்பெற்ற நடுவர் குழு, 1957 மார்ச்சில் லூசியோ கோஸ்ட்டாவின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. மற்றவர்கள் விரிவான வரைபடங்களையும் மாதிரிகளையும் அளித்திருக்க, கோஸ்ட்டா அளித்தவை கையால் வரைந்த சில படங்களும் ஓர் எழுத்து விளக்கமும் மட்டுமே. கட்டிடக்கலைஞர் கழகத்தின் சார்பாளராக இருந்த நடுவர் இம்முடிவை ஏற்கவில்லை.

கோஸ்ட்டாவும் நீமேயரும் 1930களில் ரியோ டி ஜெனீரோவின் கல்வி அமைச்சுக் கட்டிடப் பணியில் லே கொர்பூசியேயுடன் இணைந்து செயற்பட்டவர்கள். இந்தியாவின் சண்டிகர் நகரை வடிவமைத்தவர் என்ற முறையில் லே கொர்பூசியே நம்மவர்க்கும் அறிமுகமானவர். வாழிடம், வேலை, பொழுதுபோக்கு, போக்குவரத்து ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து அமைக்கும் அவரது கோட்பாட்டின் தாக்கம் பிரசிலியாவில் தெளிவாகத் தெரிகின்றது.

நகர அமைப்பு

திட்டத்தின் அடிப்படை, ஓரிடத்தைத் தமதாக்கிக் கொள்பவர் நிலத்தில் இடும் சிலுவைக் குறி என்று கோஸ்ட்டா விளக்கினார். ஒன்றையொன்று வெட்டும் இரு அச்சுகளே அக்குறி. நில அமைப்புக்கும் ஏரிக்கும் ஏற்ப ஓர் அச்சு வில்போல் வளைக்கப்பட்டதால், மேலிருந்து நோக்குகையில் நகரம் வானூர்தி போன்றோ பறவை போன்றோ தோற்றமளிக்கின்றது. இப்பகுதி பிளானோ பிலோத்தோ என அழைக்கப்படுகின்றது.

நேரான கிழக்கு-மேற்கு அச்சு நினைவுச்சின்ன அச்சு எனப்படும். அரசுக் கட்டிடங்கள் இதன்மீது அமைந்துள்ளன. வளைந்த வடக்கு-தெற்கு அச்சு குடியிருப்பு அச்சு ஆகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், பல தளங்களில் சாலைகள் கடக்க, மையப் பேருந்து நிலையம் உள்ளது. சாலைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாதவாறு பாலங்களும் வளைவுகளும் அமைக்கப்பட்டன. விடுதிகள், வங்கிகள், தூதரகங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனி வட்டாரம் உண்டு. தெருக்களுக்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமே முகவரியாகும்.

பெருந்தொகுதிகள்

குடியிருப்பின் அடிப்படை அலகு சூப்பர்குவாத்ரா எனப்படும் பெருந்தொகுதியாகும். இது பக்கத்துக்குச் சுமார் 280 மீட்டர் அளவுள்ள சதுரம். இதனைச் சுற்றி மரங்கள் அடர்ந்த வரிசை உண்டு. உள்ளே பெரும்பாலும் ஆறு மாடிகளைக் கொண்ட அடுக்குமாடிக் கட்டிடங்கள் அமைந்துள்ளன. இவை தூண்கள்மீது நிறுத்தப்பட்டுள்ளதால் தரைத்தளம் திறந்த வெளியாக உள்ளது. யாரும் அதன் வழியே நடந்து செல்லலாம். நான்கு பெருந்தொகுதிகள் சேர்ந்து ஓர் அயலகமாகும். பள்ளி, கோயில், விளையாட்டிடம், கடைகள் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் அமைய வேண்டும் என்பது திட்டம்.

உயர் அலுவலரும் கடைநிலை ஊழியரும் ஒரே அயலகத்தில் வாழ்வர் என்பது இவ்வமைப்பின் பின்னிருந்த சமூக நோக்கமாகும். கடைகள் தொகுதிகளை நோக்கியும், அவற்றின் பின்பக்கம் சாலையை நோக்கியும் இருக்குமாறு திட்டமிடப்பட்டது. ஆனால் கடைக்காரர்கள் தம் முகப்பைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டனர். பழைய நகரங்களின் கடைத்தெருவுக்குப் பழகியவர்கள், திட்டம் நீக்கிய தெருவை இவ்வாறு மீட்டுக்கொண்டதாக ஆய்வாளர்கள் கூறுவர். நகரில் தெருமுனைகள் இல்லை என்பது ரியோவிலிருந்து வந்து குடியேறியோரின் முதன்மையான குறையாக இருந்தது.

முக்கிய கட்டிடங்கள்

நினைவுச்சின்ன அச்சின் கிழக்கு முனையில் முப்பெரும் அதிகாரங்களின் சதுக்கம் உள்ளது. நாடாளுமன்றம், குடியரசுத் தலைவரின் செயலகமான பிளனால்டோ மாளிகை, உச்ச நீதிமன்றம் ஆகிய மூன்றும் இதன் மூன்று பக்கங்களில் அமைந்துள்ளன. நாடாளுமன்றக் கட்டிடத்தில் 28 மாடிகள் கொண்ட இரட்டைக் கோபுரங்கள் நடுவிலும், அவற்றின் இருபுறமும் இரு அரைக்கோளங்களும் உள்ளன. கவிழ்ந்த கிண்ணம் போன்றது மேலவை. நிமிர்ந்த கிண்ணம் போன்றது கீழவை. 2023 சனவரி 8 ஆம் நாள், தேர்தல் முடிவை ஏற்க மறுத்த கூட்டத்தினர் இம்மூன்று கட்டிடங்களுக்குள்ளும் புகுந்து பெரும் சேதம் விளைவித்தனர்.

1970 இல் திறக்கப்பட்ட பேராலயம் 16 வளைந்த கற்காறைத் தூண்களால் ஆனது. வானை நோக்கி விரிந்த கைகளைப் போன்று இத்தூண்கள் தோன்றுகின்றன. இத்தகைய மெல்லிய வடிவங்கள் நிலைத்து நிற்கக் கணக்கிட்டுத் தந்தவர் பொறியாளரும் கவிஞருமான ஜொவாக்கிம் கர்டோசோ ஆவார். ரொபேர்ட்டோ பர்லே மார்க்ஸ் பல தோட்டங்களை அமைத்தார். ஆதோஸ் புல்காவோவின் ஓட்டுச் சித்திரங்கள் நகரின் பல சுவர்களில் காணப்படுகின்றன.

கட்டியவர்கள்

நகரைக் கட்டிய தொழிலாளர்கள் கான்டாங்கோ என அழைக்கப்பட்டனர். முதலில் இழிவுப் பொருளில் வழங்கிய இச்சொல் பின்னர் பெருமைக்குரியதாயிற்று. இவர்களுள் பெரும்பாலோர் வறட்சி மிகுந்த வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், கோயாஸ், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். 1957 நடுப்பகுதியில் சுமார் 12,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1959 இல் 64,000 ஐத் தாண்டியது. 1960 இல் அது சுமார் 1,40,000 ஆக உயர்ந்தது.

வேலை இரவு பகலாக நடைபெற்றது. தொழிலாளர்கள் மரத்தாலான முகாம்களில் தங்கினர். 1959 பெப்ரவரியில், ஒரு கட்டுமான முகாமில் வழங்கப்பட்ட உணவு தொடர்பாக எழுந்த தகராறில் சிறப்புக் காவற்படையினர் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தினர். அரசுப் பதிவுகளில் இறந்தவர் ஒருவர் மட்டுமே. அங்கிருந்த தொழிலாளர்கள் பலர் இறந்ததாகப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கூறிவந்தனர். விளாதிமிர் கர்வாலியோ எடுத்த ஆவணப்படம் ஒன்று இச்சாட்சியங்களைப் பதிவு செய்துள்ளது.

வணிகர்களுக்கும் குடிபெயர்ந்தோருக்குமாக 1956 இல் சிதாதே லிவ்ரே என்ற தற்காலிக ஊர் அமைக்கப்பட்டது. கட்டற்ற நகரம் என்பது இப்பெயரின் பொருளாகும். அங்கு வணிகம் செய்வோருக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. கட்டிடங்கள் மரத்தால் மட்டுமே இருக்க வேண்டும், தலைநகரம் திறக்கப்பட்டதும் அவை இடிக்கப்படும் என்பது நிபந்தனை. தொழிலாளர் முகாம்களுக்கும் இதுவே விதி. கட்டுவதற்கு வந்தவர்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவர் என அரசு எதிர்பார்த்தது. அவ்வாறு திரும்பாதவர்கள் ஏராளம். பரனோவா ஆற்றில் அணை கட்டப்பட்டு ஏரி நிரம்பியபோது, விலா அமாவுரி என்ற தொழிலாளர் குடியிருப்பு நீரில் மூழ்கியது. அதன் எச்சங்கள் இன்றும் ஏரியின் அடியில் உள்ளன.

துணைநகரங்கள்

கோஸ்ட்டாவின் திட்டம் அதிகபட்சம் ஐந்து இலட்சம் மக்களைக் கருதி வரையப்பட்டது. நகரைச் சுற்றிக் குடிசைப் பகுதிகள் உருவாகாமல் தடுக்க வேண்டும் என்றும், மக்கள் அனைவருக்கும் திட்டத்துக்குள்ளேயே தகுந்த, மலிவான வீடுகளை வழங்குவது கட்டுமான நிறுவனத்தின் கடமை என்றும் அவரது விளக்கவுரை குறிப்பிட்டது. முதன்மை நகரம் நிறைந்த பின்னரே துணைநகரங்கள் தோன்ற வேண்டும் என்பது அவரது எண்ணம்.

நடந்தது இதற்கு நேர்மாறானது. 1958 இல் வடகிழக்கில் கடும் வறட்சி ஏற்பட, பல்லாயிரம் பேர் வேலை தேடி வந்து சிதாதே லிவ்ரேக்கு அருகே குடிசைகள் அமைத்தனர். அவர்களை அகற்றும் பொருட்டு, அதே ஆண்டு சூனில், மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் தகுவாதிங்கா நகரம் உருவாக்கப்பட்டது. அதாவது, தலைநகரம் திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அதன் முதல் துணைநகரம் தோன்றிவிட்டது. 1960 இல் சொப்ராதீன்யோவும் காமாவும் தொடர்ந்தன. அடுக்குமாடி வீடுகள் ரியோவிலிருந்து மாற்றப்பட்ட அரசு ஊழியர்களுக்கே முதன்மையாக ஒதுக்கப்பட்டன. அவற்றைக் கட்டிய தொழிலாளர்களுக்கு அவ்வுரிமை கிடைக்கவில்லை.

சிதாதே லிவ்ரேயின் மக்கள் இடிப்பை எதிர்த்துப் போராடினர். 1961 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அவ்வூரை நூக்ளியோ பந்தெய்ரான்தே என்ற பெயரில் நிலையான நகரமாக ஏற்றுக்கொண்டது. மாளிகைகளுக்கு அருகே இருந்த விலா பிளனால்டோ என்ற பழைய முகாமின் மக்களும் நீண்ட போராட்டத்துக்குப் பின் தம் இடத்தைத் தக்கவைத்துக் கொண்டனர்.

எல்லோருக்கும் இவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. இராணுவ ஆட்சிக் காலத்தில், 1971 மார்ச் 27 ஆம் நாள் தொடங்கி, நூக்ளியோ பந்தெய்ரான்தேயை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த சுமார் 80,000 பேர் தொலைவான வெற்றுநிலத்துக்கு மாற்றப்பட்டனர். ஆக்கிரமிப்பு ஒழிப்பு இயக்கம் என்ற அந்நடவடிக்கையின் போர்த்துக்கேயப் பெயரிலுள்ள முதலெழுத்துகளான செ, எ, இ ஆகியவற்றோடு நிலம் என்னும் பொருள்தரும் விகுதி சேர்ந்து சேய்லாந்தியா என்ற ஊர்ப்பெயர் உருவாயிற்று. தம்மை அகற்றிய நடவடிக்கையின் பெயரையே அம்மக்கள் தம் ஊரின் பெயராகத் தாங்கினர். தொடக்கத்தில் அங்கு குழாய்நீர் இல்லை. பின்னர் அமைந்த நீர்த்தேக்கக் கோபுரம் இன்று சேய்லாந்தியாவின் சின்னமாகவும் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாகவும் விளங்குகின்றது. கூட்டாட்சி மாவட்டத்தின் மிகுந்த மக்கள்தொகை கொண்ட பகுதிகளுள் முதன்மையானது சேய்லாந்தியாவே. முன்னர் அதன் பகுதியாக இருந்த சோல் நசேன்தேயில் 2022 கணக்கெடுப்பின்படி 70,908 பேர் வாழ்ந்தனர். இது ரியோவின் ரோசீன்யாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய சேரிக் குடியிருப்பாகும்.

நிர்வாகம்

கூட்டாட்சி மாவட்டத்தின் பரப்பு சுமார் 5,800 சதுர கிலோமீட்டர். 1988 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி இதனை நகராட்சிகளாகப் பிரிக்க இயலாது; மாறாக, 35 நிர்வாகப் பகுதிகளாக இது பிரிக்கப்பட்டுள்ளது. முன்பு ஆளுநர்கள் நடுவண் அரசால் அமர்த்தப்பட்டனர். மக்கள் தம் ஆளுநரையும் சட்டமன்றத்தையும் முதன்முதலில் தேர்ந்தெடுத்தது 1990 இல் ஆகும்.

காலநிலையும் ஏரியும்

இப்பகுதி செராதோ எனப்படும் புல்வெளிக் காட்டு நிலத்தைச் சேர்ந்தது. மே முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவு. இக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் சில நாட்களில் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவதுண்டு. வறட்சியைத் தணிக்கவும், அழகுக்கும், மின்னுற்பத்திக்குமாகப் பரனோவா ஏரி செயற்கையாக உருவாக்கப்பட்டது. இதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது.

போக்குவரத்து

தானுந்தை அடிப்படையாகக் கொண்டு திட்டமிடப்பட்ட நகரம் ஆதலால், நடப்போருக்கு நீண்ட காலம் கடினமான நகரமாகவே இது இருந்தது. 1997 இல் தொடங்கிய பரப்புரையின் பயனாக, நடப்பவருக்காக வாகனங்கள் கடவைகளில் நின்று வழிவிடும் வழக்கம் இங்கு வேரூன்றியது. பிரேசிலின் பிற நகரங்களில் அரிதாகக் காணப்பட்ட இவ்வழக்கத்தை நகர மக்கள் பெருமையுடன் குறிப்பிடுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்பு அச்சின் மையச் சாலை வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் விடப்படுகின்றது. 2001 இல் இயங்கத் தொடங்கிய மெட்ரோ தொடர்வண்டி, பின்னாளில் சேய்லாந்தியா வரை நீட்டிக்கப்பட்டது. துணைநகரங்களில் வாழ்வோர் பலர் வேலைக்காக நாள்தோறும் மையப் பகுதிக்கு வந்து செல்கின்றனர்.

மதிப்பீடு

பிரசிலியாவின் நோக்கங்களுள் சில நிறைவேறின. நாட்டின் நடுப்பகுதி வடக்கோடும் தெற்கோடும் நெடுஞ்சாலைகளால் இணைக்கப்பட்டது. தலைநகரம் ரியோவுக்குத் திரும்பிவிடும் என்ற ஐயம் காலப்போக்கில் மறைந்தது. மரங்கள் வளர்ந்த பெருந்தொகுதிகள் இன்று விரும்பி வாழும் இடங்களாக உள்ளன. மறுபுறம், கட்டுமானச் செலவு பணவீக்கத்தையும் கடனையும் பெருக்கியது. தனிநபர் வருமானத்தில் நாட்டின் முன்னணியில் நிற்கும் இம்மாவட்டம், வருமான வேறுபாட்டிலும் முன்னணியில் நிற்கின்றது. ஒரே அயலகத்தில் எல்லோரும் என்ற எண்ணத்துடன் தொடங்கிய நகரில், வருமானத்தின்படி மக்கள் பல கிலோமீட்டர் இடைவெளியில் பிரிந்து வாழும் நிலை உருவாயிற்று.

இதற்குத் திட்டத்தின் வடிவமே காரணம் என்பர் சிலர். திட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தாத அரசுகளே காரணம் என்பர் வேறு சிலர். கோஸ்ட்டா 1980களில் ஒருநாள் மாலை மையப் பேருந்து நிலையத்துக்குச் சென்றபோது, துணைநகரங்களுக்குத் திரும்பும் தொழிலாளர்களால் அது நிரம்பியிருக்கக் கண்டார். நாகரிகச் சந்திப்பிடமாகத் தாம் எண்ணியிருந்த அவ்விடத்தை நகரைக் கட்டிய மக்கள் தமதாக்கிக் கொண்டதைக் கண்டு, தம் கனவைவிட நடப்பே பெரியது என்ற கருத்தை அவர் வெளியிட்டார்.

முப்பெரும் அதிகாரங்களின் சதுக்கத்தில் புரூனோ ஜார்ஜி 1959 இல் வடித்த, இருவர் இணைந்து நிற்கும் உயரமான வெண்கலச் சிலை உள்ளது. வீரர்கள் என்று பெயரிடப்பட்டிருந்த இச்சிலை, பின்னர் கான்டாங்கோக்கள் என்ற பெயராலேயே அறியப்படலாயிற்று. பிரசிலியாவுக்குப் பின்னர் இஸ்லாமாபாத், அபுஜா, நேப்பியிதோ எனப் பல நாடுகள் புதிய தலைநகரங்களைக் கட்டின. இந்தோனேசியாவில் நுசாந்தராவின் கட்டுமானம் 2022 இல் தொடங்கியது. நகரைக் கட்டுவோர் அந்நகரில் எங்கு வாழ்வர் என்னும் கேள்வி இவை அனைத்துக்கும் பொதுவானதாகும்.